கறையைச் சுற்றி இரண்டு அங்குலம்

என் அக்கா ஒரு துணி தைக்கும் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவள் சாக்பீஸால் கோடு போடாமல் அங்கே யாரும் துணியில் கை வைக்க முடியாது. எண்ணெய்க்கறை பட்ட துணி வந்தால் கறையைச் சுற்றி இரண்டு அங்குலம் தள்ளி வெட்டி எறிந்துவிடுவாள். கறை கண்ணுக்குத் தெரிவதைவிட அதிகமாகப் பரவியிருக்கும் என்பது அவள் கணக்கு.

மாதத்தில் மூன்று நாள் மட்டும் மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள். எல்லாப் பெண்களுக்கும் வருகிற வலிதானே என்று நாங்களும் விட்டுவிட்டோம். கல்யாணமாகி நான்கு வருடம் குழந்தை இல்லை என்றபோதுதான் ஸ்கேன் எடுத்தார்கள். இடது சினைப்பையில் ஆறு சென்டிமீட்டர் கட்டி. கருப்பைக்குள் இருக்க வேண்டிய திசு சினைப்பையில் வளர்ந்து, மாதாமாதம் கசிந்த இரத்தம் உள்ளேயே தேங்கிப் பழுப்பாகியிருந்தது. சாக்லேட் கட்டி என்றார்கள்.

“பேரு மட்டும் நல்லா வச்சிருக்காங்க” என்றார் மாமா, அக்காவின் கணவர்.

அக்கா முடிவோடுதான் டாக்டரம்மாவிடம் போனாள். “கட்டியைச் சுத்தி தாராளமா வெட்டிடுங்க டாக்டர். அந்தப் பக்கச் சினைப்பையே போனாலும் சரி. மறுபடி வரக் கூடாது.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “குழந்தை வேணுமா, வேண்டாமா?”

“அதுக்குத்தானே வந்திருக்கோம்.”

“அப்ப தாராளமா வெட்டச் சொல்லாதீங்க. கட்டியோட தோலை ஒட்டித்தான் கருமுட்டை இருக்கு. தள்ளி வெட்டினா அதுவும் சேர்ந்து போயிடும். புதுசா ஊறாதும்மா.”

வெட்டுகிற விஷயத்தில் அக்காவை அதுவரை யாரும் திருத்தியதில்லை.

டாக்டர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். உள்ளே இருப்பதை உறிஞ்சி மட்டும் எடுத்தால் சீக்கிரமே மறுபடி நிறையும். உறிஞ்சிவிட்டு உட்சுவரைச் சுட்டால் முட்டைகள் அதிகம் தப்பும், ஆனால் கட்டி திரும்ப வரலாம். தோலை உரித்தெடுத்தால் திரும்ப வருவது குறையும், தானாகவே கரு தங்கும் வாய்ப்பும் கூடும். ஆனால் முட்டை இருப்பு குறையும்.

“முதல்ல இரத்தம் எடுத்து முட்டை இருப்பு எவ்வளவுன்னு பார்ப்போம். ரொம்பக் குறைவா இருந்தா, ஆபரேஷனுக்கு முன்னாடியே முட்டையை எடுத்துச் சேமிச்சு வைக்கலாம்.”

இருப்பு 2.4 என்று வந்தது. அவள் வயதுக்குப் பரவாயில்லையாம். ஆனாலும் ஒரு வாரம் அக்கா டாக்டர் வரைந்த காகிதத்தையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“உன் கையில கத்திரியைக் குடுத்தா நீயே பண்ணிப்பே போல” என்றார் மாமா.

“பண்ணியிருந்தா கெடுத்திருப்பேன்.”

கடைசியில் டாக்டரிடம் சொன்னாள்: “உரிச்சு எடுங்க. அடியில ரொம்ப ஒட்டிட்டிருந்தா இழுக்காதீங்க. மிச்சம் இருந்தா இருக்கட்டும்.” அந்த வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததை என்னால் நம்ப முடியவில்லை.

“அந்த இடத்தை மட்டும் லேசா சுட்டு விட்டுடறேன்” என்றார் டாக்டர்.

வயிற்றில் மூன்று சின்னத் துளைகள்தான். மறுநாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது இருப்பு 1.9. மாமாவின் முகம் வாடிவிட்டது. டாக்டர்தான் சிரித்தார். “இவ்வளவுதான் குறைஞ்சிருக்குன்னு சந்தோஷப்படுங்க. ஆறு மாசம் நீங்களாவே முயற்சி பண்ணுங்க. ஆகலைன்னா வேற வழி இருக்கு.”

அந்த ஆறு மாதத்தில் இது நாலாவது மாதம். நேற்று அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னாள். “ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்குடி. நாளைக்குக் காலையில டெஸ்ட் பண்ணலாம்னு இருக்கேன். உங்க மாமாகிட்ட மூச்சு விடாதே, ஊரைக் கூட்டிடுவாரு.”

“யாரு, நானா?” என்றார் மாமா, வாசற்படியில் நின்றுகொண்டு.