தேசிக்காய்க்கு மேலே ஒரு மவுண்டன் பைக்

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். என்னுடைய புளுகு எட்டு வருஷம் ஓடியது. அதற்காக என்னைப் பெரிய கெட்டிக்காரன் என்று நினைத்துவிட வேண்டாம். கேட்டுக்கொண்டிருந்தது என் மகள். தொடங்கும்போது அவளுக்கு ஐந்து வயது.

ஆறு வயதில், கொட்டாஞ்சேனை ஒழுங்கையில், ஒரே பின்னேரத்தில் நான் சைக்கிள் பழகினேன் என்று அவளுக்குச் சொல்லியிருந்தேன். பிறகு இரண்டு கையையும் விட்டு ஓடினேன் என்று சேர்த்துக்கொண்டேன். உண்மையில் அம்மா என்னைச் சைக்கிளைத் தொடவே விடவில்லை. பஸ்ஸுக்கு அடியில் விழுந்து செத்துப்போவேனாம். என் சைக்கிள் அனுபவம் முழுவதும் கூட்டாளிமாரின் பின் கரியரில் குந்தியிருந்து பெற்றது.

மகளுக்கு இப்போது பதின்மூன்று. வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீட்டில் வளர்ந்தவள், சைக்கிள் ஓடத் தெரியாது. வகுப்புப் பிள்ளைகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை சுதந்திரச் சதுக்கத்தில் வாடகைக்குச் சைக்கிள் எடுத்து ஓடப் போனார்கள். இவள் வயிற்றுவலி என்று படுத்துக்கொண்டாள். வலி எங்கே என்று எனக்கு விளங்கியது. உற்சாகப்படுத்துகிறேன் என்று நினைத்து, "உன்ர வயசில நான் கையை விட்டு ஓடினனான்" என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.

மனைவி யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய் வந்தவள். தான் பழக்கிவிடுவதாகச் சொன்னாள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அது தகப்பனுடைய வேலை, நானே பழக்குவேன், புதுச் சைக்கிளும் வாங்குவேன், அதுவும் மவுண்டன் பைக் என்று சொல்லிவிட்டேன். "வெள்ளவத்தையில மலை எங்க கிடக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் என் திட்டம் வேறு. மவுண்டன் பைக்கின் டயர் தடிப்பானது, ஆகவே விழாது. மூன்று நாள் விடியக் காலையில் கடற்கரை வீதியில் கள்ளமாகப் பழகிவிட்டு, நாலாம் நாள் மகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

டாம் வீதியில் ஒரு கடைக்குப் போனேன். மலிவானது ஒரு மாதத்தில் கழன்று கையோடு வரும் என்று பயம். விலை கூடியதைத் தொட்டால், விஷயம் தெரிந்தவன் என்று நினைத்து ஏதாவது கேட்டுவிடுவார்கள். ஆகவே நடுத்தர விலை. கடைக்காரர் ஒரு முஸ்லிம் நானா, பொறுமையானவர். முன்பக்கம் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க், டிஸ்க் பிரேக் எல்லாம் காட்டினார். புதிதாகப் பழகுகிறவர்களுக்குக் கியர் கூடினால் தலையிடி, குறைவாக உள்ளதே போதும் என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் கேட்டேனே ஒரு கேள்வி: இதில் எது விழாது?

அவர் என்னை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். உயரம் சரியா என்று ஏறிப் பார்க்கச் சொன்னார். முழங்கால் நோகிறது என்றேன். அதோடு விட்டேனா? பழகப்போவது நானில்லை, ஒரு கூட்டாளி, என் உயரந்தான் என்றும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. குனிந்து, சீட்டுக்குக் கீழே இருந்த பிடியைத் தளர்த்திச் சீட்டை அமத்தினார்.

"அந்தக் கூட்டாளிக்கிட்ட செல்லுங்க, சீட்ட நல்லாப் பதிச்சிப் போட்டு, ரெண்டு காலும் நெலத்துல முட்டுற மாதிரி இரிக்கணும். மிதிக்க வாணாம். காலால தள்ளித் தள்ளிப் போனா, பொறகு தானா வரும்."

கட்டாயம் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு, சைக்கிளை ஓட்டோவில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பதிந்த சீட்டு பார்வைக்குச் சின்னப்பிள்ளைச் சைக்கிள் மாதிரி இருந்தது. மானம் போகும் என்று உயர்த்திவிட்டேன்.

திட்டத்தைக் கெடுத்தது மனைவி. கோயிலில் பூசை செய்யாமல் புது வாகனத்தை ரோட்டில் இறக்கக் கூடாதாம். வெள்ளிக்கிழமை காலை மூன்று பேருமாகப் போனோம். எங்களுக்குப் பின்னால் புதுக் கார் ஒன்று பூசைக்கு நின்றது. ஐயர் சைக்கிளுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, கற்பூரம் காட்டி, இரண்டு சில்லுக்கும் முன்னால் ஒவ்வொரு தேசிக்காய் வைத்தார். நான் மிகப் பக்தியோடு சைக்கிளை உருட்டப் பார்த்தேன்.

"தள்ளிக்கொண்டு போறது சரியில்லை. ஏறி ஓடுங்கோ" என்றார் ஐயர்.

காரில் இருந்தவர் நேரத்தைப் பார்த்தார். மகள் கையில் அர்ச்சனைத் தட்டோடு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளையாரே என்று ஏறி மிதித்தேன். முன் தேசிக்காய் நசிந்து புளிச்சாறு தெறித்தது. பின் தேசிக்காய் வழுக்கியது. எட்டிக் காலை ஊன்றப் பார்த்தேன், நிலம் எட்டவில்லை. கோயில் வாசலில் கழற்றி வைத்திருந்த செருப்புக் குவியலுக்குள் சைக்கிளோடு போய் விழுந்தேன். மீசையில் மண் ஒட்டவில்லை என்று சொல்லலாம், எனக்கு மீசை இல்லை.

மனைவி தேசிக்காயைத் திட்டிக்கொண்டு ஓடி வந்தாள். மகள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, என் பக்கத்தில் குந்தினாள்.

"அப்பா, உங்களுக்கு ஓடத் தெரியாதா?"

தேசிக்காய், முழங்கால், பிரேக் என்று மூன்று சாட்டு என் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் பகிடி பண்ணவில்லை.

"தெரியாது."

"கையை விட்டு ஓடினது?"

"பொய்."

"சின்னனிலயும் ஓடேல்லையா?"

"ஒருநாளும் இல்லை."

அவள் என் சட்டையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "அப்ப நான் பிந்தேல்லை, என்ன?" என்றாள்.

எட்டு வருஷம் இந்தப் பிள்ளை என்னைப் பார்த்துப் பார்த்துத் தான் ஒன்றுக்கும் உதவாதவள் என்று நினைத்திருக்கிறாள். முழங்கையில் இரத்தம் வந்த இடம் அப்போதுதான் எரிந்தது. "இல்லையம்மா. நீ பிந்தவே இல்லை" என்றேன்.

ஐயர் காரைக் கூப்பிட்டார். நான் சைக்கிளை ஓரத்துக்கு எடுத்து, பிடியைத் தளர்த்தி, சீட்டை அடிமட்டத்துக்கு அமத்தினேன். மகள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் நிலத்தில் முட்டின.