ஏழாவது கட்டமும் ஐந்தாம் லயமும்

1. எந்த மலை?

பதினெட்டு வருடம் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தராக இருந்தேன். மாற்றுப் பொருளாதாரம் பேசப் போகிறேன் என்று வேலையை விடுவதாக எழுதிக்கொடுத்தபோது, கூட வேலை செய்தவர்கள் தேநீர் விருந்து வைத்து ஒரு குடையைப் பரிசளித்தார்கள். நனைந்தால் இந்த நோய் கூடிவிடும் என்று பயந்திருக்கலாம்.

புதிய வாழ்க்கையின் முதல் நாள், ராகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஞாயிற்றுக்கிழமை காலை. மட்டமான தரை அங்கே அது ஒன்றுதான் என்பதால் கூட்டத்தைப் பெரட்டுக் களத்தில் வைத்தேன். தினமும் விடியலில் ஆட்களை வரிசையாக நிறுத்தி, யார் எந்த மலைக்கு என்று அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கிற இடம். நான் சார்ட் பேப்பரைச் சுருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது இருபது பெண்கள் இரண்டு வரிசையாக நின்றிருந்தார்கள்.

“உட்காருங்க.”

“இந்த எடத்துல நாங்க உக்காந்ததே இல்லைங்க சார்” என்றார் முன்னால் நின்ற பார்வதி அக்கா. கொழுந்து எடுக்கிறவர். அந்தப் பெண்கள் அவர் சொன்னால்தான் அசைவார்கள்.

“இங்க யாரும் யாருக்கும் தொரை இல்ல. எல்லாரும் சமம்” என்றேன்.

“சரிங்க சார்” என்று பின்வரிசையில் ஒரு குரல். “அப்ப இன்னிக்கு எந்த மலைக்குப் போவணும்?”

சிரிப்பு அடங்கியதும் சார்ட் பேப்பரில் ஒரு பெரிய வட்டம் போட்டேன். உழைப்பைப் பகிர்தல், உபரியைப் பகிர்தல் என்று அம்புக்குறிகள். மூடுபனி இறங்கி வந்து அம்புகளை ஒவ்வொன்றாகக் கரைத்தது. மை என் கையெல்லாம் நீலமாக வழிந்தது.

பார்வதி அக்கா பொறுமையாகக் கேட்டார். “நான் மலைக்குப் போனா பக்கத்து வீட்டு செல்வி எம் புள்ளைய பாத்துக்குவா. அவளுக்கு முடியலன்னா அவ வீட்டுக்கு நான் தண்ணி தூக்குவேன். அதைத்தானே சார் சொல்றீங்க?”

அதைத்தான் சொன்னேன். மூன்று செயலமர்வுகளில் கற்றிருந்தேன்.

2. மரியாதையான கடிதம்

அவர்களுக்கு வேண்டியது வட்டம் அல்ல, நிலம். கொழுந்து நிறுக்கும் பழைய மடுவத்துக்குக் கீழே தேயிலை கைவிடப்பட்டுக் காடாகிக் கிடந்த ஒரு துண்டு. லீக்ஸ் போட்டுச் சேர்ந்து பயிர் செய்யக் கேட்டிருந்தார்கள். பதிவு செய்த சங்கமாக வந்தால் தருகிறோம், மாத முடிவுக்குள் வராவிட்டால் டவுன் மரக்கறி முதலாளிக்குப் போய்விடும் என்று தோட்ட நிர்வாகம் சொல்லியிருந்தது.

“முந்தி ஒரு தடவை கோழி வளக்கச் சங்கம் பதியப் போனோம்” என்ற பார்வதி அக்கா, பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். லேமினேட் செய்யப்பட்டிருந்தது. படிவத்தின் ஏழாவது கட்டத்தில் நிரந்தர விலாசம் இல்லாமையால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது. கீழே கையெழுத்து என்னுடையது.

ஏழாவது கட்டமும் என்னுடையதுதான். வீட்டு இலக்கம், வீதியின் பெயர். அந்தப் படிவத்தை நான் வடிவமைத்ததற்காகப் பாராட்டுச் சான்றிதழ்கூட உண்டு. வரிசை வீடுகளான லயத்துக்கு வீதியும் கிடையாது, அதில் ஒரு குடும்பம் இருக்கும் காம்பராவுக்கு இலக்கமும் கிடையாது என்பது அதே மலையில் பிறந்த எனக்கு அன்று ஞாபகம் வரவில்லை.

“இதைப் போய் ஏன்க்கா லேமினேட் பண்ணி வச்சிருக்கீங்க?”

“எம் பேருக்குன்னு கவர்மெண்டுல இருந்து வந்த மொத லெட்டர் சார். இல்லைன்னுதான் எழுதியிருக்கு. ஆனா மரியாதையா எழுதியிருக்கீங்க.”

3. கவுன்டர்

மாதத்தின் கடைசி வேலைநாள். லய மக்களின் விலாச உரிமை பற்றி ஒன்பது பக்கத்தில் ஒரு மனு எழுதி, சங்கப் பதிவுப் படிவத்தோடு எடுத்துக்கொண்டு, பார்வதி அக்காவுடன் பிரதேச செயலகத்துக்கு, என் பழைய கந்தோருக்குப் போனேன். என் நாற்காலியில், நான் பயிற்சி கொடுத்த இளம் உத்தியோகத்தர், எல்லாருக்கும் ‘மிஸ்’, இருந்தார்.

“சார், ஏழாவது கட்டம் வெறுமையா இருக்கு.”

நான் நிலவுடைமை வரலாற்றிலிருந்து தொடங்கினேன். மிஸ் மனுவைப் புரட்டினார். “ஒன்பது பக்கத்திலயும் பக்க இலக்கம் போடல சார். நீங்கதானே சொல்லித் தந்தீங்க, இலக்கம் இல்லாத பேப்பரைக் கையில எடுக்கக்கூடாதுன்னு.”

அவ்வளவு நல்ல மாணவி.

பார்வதி அக்கா லேமினேட் கடிதத்தைக் கவுன்டரில் வைத்தார். “மிஸ், இது இந்த ஆபீஸ் போட்ட லெட்டர்தானே?”

“ஆமா.”

“மேல என்ன விலாசம் இருக்கு?”

“திருமதி க. பார்வதி, ஐந்தாம் லயம், மேற்பிரிவு…”

“நீங்க போட்டீங்க, எங்கிட்ட வந்து சேந்துச்சு. வெலாசம் இல்லைன்னு சொல்ற லெட்டரு எந்த வெலாசத்துக்கு வந்துச்சு மிஸ்?”

மிஸ் கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். என்னைப் பார்த்தார். நான் குடையைப் பார்த்தேன். பிறகு அவர் பேனையை எடுத்து ஏழாவது கட்டத்தில் ‘ஐந்தாம் லயம், மேற்பிரிவு’ என்று அழகாக எழுதி, பதிவு முத்திரை குத்தினார். கடிதத்தின் போட்டோ கொப்பியை இணைப்பு ஒன்று என்று இலக்கமிட்டுக் கோர்த்தார். என் மனுவைத் திருப்பித் தந்தார்.

வெளியே மழை. ஒரே குடையின் கீழ் பஸ்ஸுக்கு நின்றோம்.

“இந்த மாதிரி லெட்டர் வேற யாருக்காச்சும் போட்டிருக்கீங்களா சார்?”

“நிறையப் பேருக்கு அக்கா.”

“அப்ப நாளையிலேர்ந்து அவுங்க லயத்துக்கெல்லாம் போங்க. கிழிக்காம வச்சிருக்காங்களான்னு கேளுங்க.”

இப்போது அதுதான் என் வேலை. இந்தப் பணிக்கு வர நினைக்கும் இளையவர்களுக்கு என் அனுபவத்தில் சொல்ல ஒன்று உண்டு. மறுத்து எழுத நேர்ந்தால், விலாசத்தை மட்டும் முழுதாக, திருத்தமாக எழுதுங்கள். பதினெட்டு வருட அரச சேவையில் நான் செய்த ஒரே மாற்றுப் பொருளாதாரம் அதுதான்.