கெலிஓயா அலுமாரியில் இரண்டு கார்ட்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று என் வீட்டுக்காரர் கேட்டது ஒரே கேள்வி: "சமைக்கத் தெரியுமா?" மெமரி கார்ட் வாங்கப் போன அன்று கண்டி டவுன் கடைக்காரரிடம் அவர் கேட்ட கேள்விகளுக்குக் கணக்கே இல்லை. எழுதும் வேகம் எவ்வளவு, வாசிக்கும் வேகம் எவ்வளவு, அசலா, போலியா, எந்த நாட்டில் செய்தது. கடைக்காரர் பாவம், "தண்ணில விழுந்தாலும் ஒன்னும் ஆகாது சேர், எக்ஸ்ரேக்குள்ள போனாலும் தாங்கும்" என்று சொல்லிப் பார்த்தார். "சூடு தாங்குமா?" என்றார் இவர். நாங்கள் கெலிஓயாவில் ஒரு கல்யாண வீட்டுக்குப் போகிறோமா, எரிமலைக்குள் இறங்கப் போகிறோமா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

படமெடுக்க எனக்குக் கிடைத்த முதல் கல்யாண ஓடர் அது. அதுவரை பிறந்தநாள், பெண்பிள்ளைகளின் சாமத்தியச் சடங்கு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டி என்று ஓடிக்கொண்டிருந்தேன். கல்யாணத்துக்கு விசாரிக்க வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே பாட்டுத்தான்: "இதுக்கு முந்தி எடுத்த கல்யாணம் ஏதாச்சும் காட்டுங்க." எடுத்தால்தானே காட்டுவதற்கு? காட்டாவிட்டால் யார் எடுக்கக் கூப்பிடுவார்கள்? கெலிஓயாவில் அந்த முஸ்லிம் வீட்டு அம்மா மட்டும் எதையும் காட்டச் சொல்லவில்லை. பெண்கள் பக்கம் படமெடுக்க ஒரு பெண் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஃபோனிலேயே ஒரு நிபந்தனை போட்டார்.

"தங்கச்சி, படம் புடிச்ச கார்ட எங்களுக்கிட்டயே தந்துட்டுப் போகணும். எங்கட புள்ளைகள்ட முகம் வெளிய போகப்படாது. அல்பத்த பொறகு எங்கட ஊட்டுலயே உக்காந்து செஞ்சி தாங்க."

"சரிங்க ராத்தா" என்றேன்.

ஃபோனை வைத்துவிட்டு வீட்டுக்காரரிடம் வந்தேன். "என்னாங்க, கார்ட் அவங்களுக்குத்தானாம். சாதாரணமா ஒன்னு வாங்கினா போதும்."

அவர் பல்லேகலையில் ஒரு தொழிற்சாலை ஒஃபிஸில் கிளார்க். கெமராவைக் கையால் தொட்டது கிடையாது. ஆனால் கார்ட்டைப் பற்றி ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து, சோற்றுக்குக் கூப்பிட்டாலும் காது கேட்காத நிலைக்குப் போயிருந்தார். "ஆனைய வாங்கிட்டு அங்குசத்துக்கு அழுவாங்களா?" என்றார். அவரோடு வேலை செய்யும் யாழ்ப்பாணத்துக்காரர் வேறு, "மலிவா வாங்கினா பிறகு இருந்து அழவேண்டி வரும், கண்டியளோ" என்று ஓதி அனுப்பியிருந்தார். ஆக, நான் மட்டும்தான் அழாமல் இருந்தேன்.

கெமராவில் கார்ட் போட இரண்டு இடம் இருப்பதை அவர் கண்டுபிடித்தது அந்த வாரத்தில்தான். அன்றைக்கு அந்த முகத்தில் வந்த பிரகாசம் எங்கள் கல்யாண அல்பத்தில்கூட இல்லை.

"இங்க பாரு, ஒரே மாதிரி ரெண்டு வாங்குவோம். ஒன்னு மட்டும் ஸ்லோவா இருந்தா நொண்டி மாட்ட வண்டில பூட்டின மாதிரி ஆயிரும். ஒவ்வொரு படமும் ரெண்டுலயும் விழட்டும். ஒன்னு செத்தாலும் ஒன்னு இருக்கும்." பிறகு, வீட்டில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லாதபோதும், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவங்க கேட்டது கார்ட். ரெண்டு கார்ட்னு கேக்கலியே? ஒன்ன குடு. மத்தது நமக்கு."

மனுஷர் கோட்டுப் போடாத லோயர். நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. காட்டுவதற்கு ஒரு கல்யாணம் எனக்கும் வேண்டியிருந்தது.

கல்யாண நாளன்று உதவிக்கு என்று கூடவே வந்தார். வந்தவரை ஆண்கள் பக்கம் அழைத்துக்கொண்டு போய்ப் பெரிய தட்டைச் சுற்றி உட்காரவைத்துவிட்டார்கள். புரியாணிக்கு நடுவிலும் எனக்கு மெசேஜ் வந்துகொண்டே இருந்தது. "சிவப்பு லைட் அணையுதா?" "கார்ட் சூடாகுதா?" என் தலைதான் சூடாகியது.

உண்மையைச் சொல்லத்தான் வேண்டும். கார்ட் ஒரு தடவைகூட முரண்டு பிடிக்கவில்லை. உள்ளறையில் அந்த அம்மா, கல்யாணப் பெண்ணான தன் மகளுக்கு முக்காடு குத்திக்கொண்டிருந்தார். உதடுகளுக்கு நடுவில் நாலைந்து குண்டூசிகள். மகள் தலையைக் குனிந்தபடி, "உம்மா, சரியா ஈக்கா?" என்று கேட்டாள். ஊசி இருந்ததால் தாய்க்கு வாய் திறக்க முடியவில்லை. கண் மட்டும் நிறைந்து வழிந்தது. நான் அழுத்திய விரலை எடுக்கவே இல்லை. கெமரா தடதடவென்று எடுத்துத் தள்ளியது. அதில் ஒரு படத்தைத் திரையில் இரண்டு தடவை பார்த்தேன். அடியேய், இனி நீ இதைவிட நல்ல படம் எடுக்கப் போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இந்த ஒரு படம் போதும், கண்டி முழுக்க என்னைக் கூப்பிடும்.

எல்லாம் முடிந்து புறப்படும்போது அந்த அம்மா வந்து கையை நீட்டினார். முதல் கார்ட்டைக் கொடுத்தேன். கைக்குட்டையில் முடிந்துகொண்டு, "அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்யட்டும் தங்கச்சி" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு வந்ததே ஆத்திரம்! இன்னொன்று இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், என்னைச் சந்தேகப்படுகிறீர்களா என்று கோபப்பட்டுக்கொண்டு வந்திருக்கலாம். இப்படி நம்பித் தொலைத்தால் என்ன செய்வது? கெமரா மூடியை மறுபடி திறந்து இரண்டாவதையும் எடுத்து அவர் கையில் வைத்தேன்.

"இது என்னத்துக்கு?"

"இதுலயும் அதே படம்தாங்க ராத்தா இருக்கு. இதுவும் உங்களோடதுதான்."

த்ரீவீலரில் ஏறியதும் வீட்டுக்காரர் கண்ணடித்துக் கேட்டார்: "மத்தது பத்திரமா?" விஷயத்தைச் சொன்னேன். பேராதனைப் பாலம் தாண்டும்வரை இழவு வீட்டில் இருந்து வருகிறவர் மாதிரி இருந்தார். அதற்குப் பிறகு ஒரே வாக்கியம்: "அவ்வளவு வேகமான கார்ட்டு."

அந்த வேகமான கார்ட்டுகள் மாதக்கணக்கில் அந்த அம்மாவின் அலுமாரியில் கிடந்தன. அல்பம் செய்யக் கூப்பிடுவார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன், கூப்பிடவில்லை. கல்யாணம் கேட்டு வந்தவர்களிடம் பிறந்தநாள் கேக்கைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவர்களும் பார்த்துவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள்.

கடைசியில் அந்த அம்மாவிடமிருந்து ஃபோன் வந்தது. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலையாம். விசா சட்டென்று கிடைத்ததால் படங்களைப் பார்க்காமலேயே மகளும் போய்விட்டாளாம். "கடைல குடுத்தா கொப்பி எடுத்துடுவானுகள் தங்கச்சி. நீங்களே வாங்க. அவளுக்கு கொஞ்சம் படம் அனுப்பணும்."

லெப்டொப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கெலிஓயாவில் அந்த அம்மா அலுமாரியைத் திறந்து, சாரிகளுக்கு அடியில் இருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்தார். இரண்டு கதிரைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தோம். மாமி, சாச்சி, மருதாணிக் கை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார். ஊசிப் படம் வந்ததும் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கேட்டேவிட்டேன். "ராத்தா, இந்த ஒரு படத்த மட்டும் நான் வெச்சுக்கவா? மகளோட முகம் குனிஞ்சுதான் இருக்கு, தெரியல. உங்களோடது மட்டும்தான்."

"வாணாம் தங்கச்சி" என்றார், மெதுவாக. "அவளுக்கு அனுப்புறதுலயும் இதச் சேக்க வாணாம். அவ எங்கள உட்டுட்டு அங்க தனியா ஈக்கா. உம்மா அழுதது இப்ப அவளுக்குத் தெரிய வாணாம்."

அந்தப் படம் இனி யாருக்கும் இல்லை. "அப்ப அழிச்சிடவா?" என்றேன், கொஞ்சம் வெடுக்கென்றுதான்.

"ஏன் அழிக்க? எனக்கு ஈக்கட்டும்."

கதிரையை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டு, அதைப் பெரிதாக்கிக் காட்டச் சொன்னார்.