சீட்டு எடுத்த கை

நிலம் பிரித்த அன்றைக்குச் சீட்டு எடுக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். அறியாப் பிள்ளை எடுத்தால் வஞ்சகம் இருக்காது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நாலு பேர் முன்னால் நிற்கவே கூசுகிற பிள்ளை நான். அஞ்சாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன்.

நாகமலைக்கு மேற்கே அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுவில் இரண்டு நிலம். ஒன்று கிணறு உள்ள தோட்டம். மற்றது வானம் பார்த்த காடு. அதில் ஒரு ஏக்கர் கூடுதல். அந்த ஒரு ஏக்கரை வைத்துத்தான் இரண்டும் சமம் என்று பேசியிருந்தார்கள்.

பிள்ளையார் கோயில் வாசலில் ஒரு சொம்பு, அதற்குள் சுருட்டிய இரண்டு சீட்டு. "மூத்தவருக்கு மொதல்ல எடு தாயி" என்றார் பஞ்சாயத்துப் பேச வந்தவர். எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். தோட்டம் என்று இருந்தது. மிச்சச் சீட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் அப்பா மடியில் சொருகிக்கொண்டார்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "ராசியான கைடி இது" என்று சீனிச்சேவு அள்ளிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அதைத் தட்டிவிட்டாள்.

"வெளங்காத கை. மொதச் சீட்ட நம்மளுக்கு எடுத்தா என்னடி?"

"அவருதான் சொன்னாரு…"

"அவரு சொன்னா ஒம் புத்தி எங்க போச்சு? கெணத்தத் தூக்கிக் குடுத்துட்டு வந்து நிக்கிறா, தர்ம மகராசி."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

மறுநாள் மாட்டுக் கொட்டத்துக்குப் பின்னால் உட்கார்ந்து, நோட்டில் இரண்டு துண்டு கிழித்துத் தோட்டம், காடு என்று எழுதிச் சொம்பில் போட்டேன். இது நமக்கு என்று சொல்லிக்கொண்டே ஒன்றை எடுப்பேன். தோட்டம் வந்தால் இந்தப் பக்கம் ஒரு புளியங்கொட்டை, காடு வந்தால் அந்தப் பக்கம் ஒன்று. சீட்டைத் திரும்பப் போட்டுக் குலுக்கி மறுபடியும் எடுப்பேன். ஒரு நேரம் விடாமல் அஞ்சு தடவை காடே வந்தது. வெளங்காத கைதான் என்று அழுதேன். அப்புறம் தோட்டமும் வந்தது. வெயில் சாய்கிற வரைக்கும் எடுத்தேன். எண்ணிப் பார்த்தால் இரண்டு குவியலும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் இருந்தன. எனக்கு ஆத்திரம்தான் வந்தது. இன்றைக்கு இத்தனை தடவை தோட்டம் கொடுக்கிற கை, நேற்று ஒரே ஒரு தடவை கொடுத்திருக்கக் கூடாதா?

அடுத்த வருசம் மழை இல்லை. அப்பாவும் அம்மாவும் கூலிக்குப் போனார்கள். என் பள்ளிக்கூடம் நின்றது. விதைப்புக்கு முதல் கை போட, புதுப்பானையில் அரிசி போட, எதற்கும் யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை. கூப்பிட்டுவிடுவார்களோ என்று நானே கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்வேன். அப்படியே பழகிவிட்டது.

இப்போது விளாங்குடியில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி பத்தாம் வகுப்பு. நிகழ்தகவு என்று ஒரு பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பையில் ஒரு சிவப்புப் பந்து, ஒரு வெள்ளைப் பந்து. கூசிக் கூசித்தான் கேட்டேன்.

"ஏத்தா, மொதல்ல எடுக்கிறவனுக்கு நல்லது வருமா, பிந்தி எடுக்கிறவனுக்கா?"

"ரெண்டு பேருக்கும் பாதிக்குப் பாதிதான் அம்மாச்சி. யாரு எடுத்தாலும், எந்தக் கையில எடுத்தாலும். நீ என்ன, லாட்டரியா வாங்கப்போற?"

அம்புட்டுத்தான். அவள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அலுப்பாகத்தான் இருந்தது.

அன்றைக்குச் சீட்டுப் போடுவதற்கு முன்னால் அம்மாவின் அண்ணன் ஒரு யோசனை சொன்னார். "ரெண்டு நெலத்தையும் பாதி பாதியா அறுத்துக்கங்க மாப்ள. கெணத்துத் தண்ணிய நாள் முற வச்சுப் பாச்சிக்கலாம்." பெரியப்பா சரி என்றார். அப்பா அம்மாவைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் நின்ற அம்மா, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். "சீட்டே போட்ருவோம் மச்சான்" என்றார் அப்பா. நான் பக்கத்தில்தான் நின்றேன். முழுக் கிணறும் தங்களுக்கே வந்துவிடும் என்று அப்பாவும் அம்மாவும் ஆசைப்பட்டது எனக்கு அப்போது தெரியவில்லை.