அண்ணியின் கடைசிப் படிகம்

என் பம்புசெட் கடைக் கணினியின் திரையில் அன்று தெரிந்தது ஒரு மெல்லிய வளையமும், அதில் ஒட்டியிருந்த உப்புக்கல்லைவிடச் சிறிய ஒரு படிகமும்தான். படிகம் இருந்தது கடல் கடந்த நாட்டின் எக்ஸ்ரே கூடத்தில். அங்கிருந்த கருவியை இணையம் வழியாக இயக்கிக்கொண்டிருந்த அண்ணி, கள்ளக்குறிச்சியில் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அம்மாவின் அறுவை சிகிச்சைக்காக ஊருக்கு வந்திருந்தபோதுதான் அந்தக் கூடத்தைப் பயன்படுத்த அவருடைய முறை வந்தது. வடக்கனந்தல் வீட்டில் இணையம் சரியில்லை என்று கடைக்கு அழைத்து வந்தேன். கல்வராயன் மலையில் ஒரு காட்டு மொச்சை உண்டு. நீரை மாற்றி மாற்றி வேகவைக்காமல் தின்றால் வாந்தி வரும். அதற்குக் காரணமான புரதத்தின் உருவத்தைக் கண்டுபிடிப்பதுதான் அண்ணியின் ஆராய்ச்சி. படிகத்தில் எக்ஸ்ரே பட்டால் புள்ளிகள் விழும். அவற்றின் பிரகாசத்தை அளந்துவிடலாம். ஒவ்வோர் அலையும் ஏற்றத்தில் வந்து சேர்ந்ததா இறக்கத்தில் வந்து சேர்ந்ததா என்பது மட்டும் பதிவாகாது. அது தெரியாமல் உருவம் கிடைக்காது. உள்ளே பாதரச அணுக்களை ஏற்றினால், அவற்றை அடையாளமாக வைத்துக் கணக்கிடலாம். ஆனால் பாதரசக் கரைசலில் போட்ட படிகங்களெல்லாம் வெடித்துவிட்டன. தப்பியது இது ஒன்றுதான். அண்ணியின் வேலை ஒப்பந்தமும் அந்த மாதத்தோடு முடிகிறது.

எக்ஸ்ரே ஒளியைக் கூட்டினால் புள்ளிகள் தெளிவாகும், ஆனால் படிகம் பாதியிலேயே கருகிவிடும் என்றார். குறைத்தே வைத்தார். நடுவில் மின்சாரம் போய், யுபிஎஸ் கத்த ஆரம்பித்தது.

"எவ்ளோ நேரம் தாங்கும் தம்பி?" என்றார், திரையைவிட்டுக் கண்ணெடுக்காமல்.

யுபிஎஸ்ஸில் மாட்டியிருந்த பில் மெஷினைக் கழற்றிவிட்டேன். யுபிஎஸ் அடங்குவதற்குள் மின்சாரம் திரும்பியது.

மதியத்துக்குமேல் கணக்கு முடிந்து முதல் வரைபடம் வந்தது. சிக்குப் பிடித்த நீல நூல்போல இருந்தது. அண்ணி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே, உருவம் கிடைக்கவில்லை என்று எனக்குப் புரிந்துவிட்டது. பாதரச அணுக்களின் அமைப்புக்கு ஒரு கண்ணாடிப் பிம்பமும் உண்டாம். எது சரியென்று கணக்கு சொல்லாதாம்.

"வலக்கையா இடக்கையான்னு அதுக்குத் தெரியாது. மாத்திப் போட்டுப் பாக்கறேன். அதுலயும் இல்லன்னா அவ்ளோதான்."

இரண்டாவது வரைபடம் மெல்ல நிரம்பியது. இம்முறை சிக்கு விலகியிருந்தது. பக்கம் பக்கமாக இழைகள் ஓடின, சுற்றிலும் வெறுமை. அண்ணி ஓர் இழைமேல் விரலை வைத்தார். இதுதான் அந்த மொச்சையின் புரதம் என்றார். இப்போது அந்த உருவத்தை யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். அந்த நிமிடம் அதைப் பார்த்தவர்கள் நாங்கள் இருவர்தான்.

வாசலில் ஒருவர், கிணற்றுக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட்வால்வு கேட்டு வந்து நின்றார். அப்புறம் வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"அவருக்குக் குடுத்துட்டு வாங்க தம்பி," என்றார் அண்ணி. "இது இனிமே எங்கயும் போவாது."