முழங்கால் போடும் அத்தியாயம்

கதை டீச்சரைச் சபையில் தெரியாதவர்கள் கிடையாது. உண்மையில் அவர் டீச்சரே இல்லை. ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை போட்டு, நம்பர் ஒட்டி, கேட்டவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆலயத்தின் பின்னறையில் பிள்ளைகளுக்குக் கதை சொல்லப்போய் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சொன்ன கதைகளை எழுதினார். எழுதியதைச் சபையின் இலக்கியச் சங்கம் புத்தகமாகப் போட்டது. இருபது வருஷத்தில் பதினோரு புத்தகம், எல்லாமே பதின்ம வயதுப் பிள்ளைகளுக்கு, எல்லாமே சாப்பாட்டு மேஜையில் எழுதியவை. மேஜையின் மறுபாதியில் அவருடைய வீட்டுக்காரர் பழுதான மின்விசிறிகளைப் பிரித்துப் போட்டிருப்பார். ஸ்குரூ ஒன்று காணாமல் போனால் முதலில் கையெழுத்துப் பிரதியை உதறித்தான் தேடுவார்.

அந்தச் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. எழுதிக் கொடுத்ததை வாசிப்புக் குழு என்று நாலு பேர் படிப்பார்கள். நாலு பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். படிப்பார்கள் என்று சொல்வதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான். முதலில் கடைசி அத்தியாயத்தைத் திருப்பி, கதையில் வரும் பிள்ளை முழங்கால் போட்டு ஜெபம் பண்ணியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். போட்டிருந்தால் புத்தகம் அச்சுக்குப் போகும். போடாவிட்டால் 'ஜெபத்தோடு திருத்தவும்' என்று சிவப்பு மையில் எழுதித் திரும்பி வரும். பதினோரு தடவையும் டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு பிள்ளைகளை முழங்கால் போட வைத்தார். பரீட்சையில் காப்பியடித்தவன், வீட்டை விட்டு ஓடினவன், அக்காவோடு பேசாமல் இருந்தவள், ஒருத்தர் பாக்கியில்லை. பன்னிரண்டாவது புத்தகத்தில்தான் சிக்கல் வந்தது.

டீச்சரின் தங்கை புருஷன் போன வருஷம் மாரடைப்பில் பட்டென்று போய்விட்டார். தங்கைக்கு ஒரே மகள், பதினைந்து வயது. சாவு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தடவி ஆளுக்கொரு ஆறுதல் சொன்னார்கள். நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவார் என்றார்கள். இனிமே அவர்தான் உனக்கு அப்பா என்றார்கள். இதுலயும் ஒரு நன்மை இருக்கும், போகப்போகத் தெரியும் என்றார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய பெண், அதற்குப் பிறகு ஆலயத்துப் பக்கமே வருவதில்லை. ஒரு நாள் பெரியம்மா வீட்டு அலமாரியில் இருந்த பதினோரு புத்தகங்களையும் புரட்டிவிட்டு, "ஆண்டவர் மேல கோவமா இருக்கிறவங்களுக்கு ஒண்ணும் இல்லையா பெரியம்மா?" என்று கேட்டாள். நான் எழுதித் தருகிறேன் என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார்.

ஏழு மாதம் எழுதினார். கதையில் ஒரு பெண், அவளுடைய அப்பா செத்துப்போகிறார், அவள் ஆண்டவரோடு சண்டை போடுகிறாள், சண்டை தீராமலே புத்தகம் முடிகிறது. கோபமாகவாவது அவரோடு பேசுகிறாளே, அதுவும் ஜெபம்தான் என்பது டீச்சரின் கட்சி. குழுவின் கட்சி வேறு. மூன்று தடவை சிவப்பு மை வந்தது. டீச்சர் சங்கத்துக்கே நேரில் போனார். அங்கே செயலாளர் தங்கமான மனிதர், அதுதான் தொந்தரவு. மனுஷர் சண்டை போடவே விடமாட்டார். தண்ணீர் கொடுத்தார், மின்விசிறியை டீச்சர் பக்கம் திருப்பி வைத்தார், ஒரு மணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்.

"எல்லாம் அருமையா வந்திருக்கும்மா. அந்தப் பிள்ளை ஒரே ஒரு தடவை முழங்கால் போட்டுட்டா போதும்."

டீச்சருக்கு உச்சந்தலை கொதித்தது. வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார், கைப்பையிலிருந்து தாளை எடுத்தார், அரை மணி நேரத்தில் ஓர் அத்தியாயத்தை எழுதித் தள்ளினார். சாவு வீட்டில் காதால் கேட்ட ஆறுதல் ஒன்று விடாமல் போட்டார். கதைப் பெண் ஒவ்வொன்றுக்கும், ஆகா இப்போதல்லவா புரிகிறது என்கிறாள். ஜன்னல் வழியே வெளிச்சம் பாய்கிறது. போதாததற்கு ஒரு புறாவும் வருகிறது. பெண் ஒரு தடவை இல்லை, மூன்று தடவை முழங்கால் போடுகிறாள். இதைப் படித்தாலாவது தாங்கள் கேட்பது எவ்வளவு அசட்டுத்தனம் என்று அவர்களுக்கு உறைக்கட்டும் என்பது அவர் எண்ணம். "இந்தாங்க, நீங்க கேட்டது" என்று செயலாளர் மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று பஸ் ஏறிவிட்டார்.

பத்து நாள் சத்தமே இல்லை. வெட்கப்பட்டு வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று வீட்டுக்காரரிடம் பெருமையடித்துக்கொண்டார். எதற்கும் ஒரு போன் போட்டுக் கேளேன் என்றார் வீட்டுக்காரர். அவர்களே வரட்டும் என்று டீச்சர் வீம்பு பிடித்தார்.

பதினோராம் நாள் வீட்டு வாசலுக்கு ஒரு கட்டு வந்தது. பிரித்தால் புத்தகம், மை வாசனையோடு, பளபளவென்று. கடைசி அத்தியாயத்தைத் திருப்பினார். புறா இருந்தது. சங்கத்துக்குப் போன் போட்டால் செயலாளரின் குரல் தழுதழுத்தது. படித்து அழுதுவிட்டாராம். குழுவில் நாலு பேரும் அழுதார்களாம். வாலிபர் முகாம் நெருங்கிவிட்டதால் புரூப்கூட அனுப்பாமல் நேராக அச்சுக்குக் கொடுத்துவிட்டார்களாம். உங்கள் கைப்பட எழுதியதில் திருத்த என்ன இருக்கிறது என்று கேட்டார். முகாமில் நேற்றே பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தாயிற்று.

"ஐயா, அது கிண்டலுக்கு எழுதினது" என்றார் டீச்சர்.

செயலாளர் சாந்தமாகச் சொன்னார். "கிண்டலுக்கு எழுதினாலும் ஆண்டவர் அதையும் பயன்படுத்துவார்மா. முகாம்ல அஞ்சு பிள்ளைங்க முழங்கால் போட்டிருக்காங்க."

இந்த மனுஷரை என்ன செய்வது? அந்த ஐந்து பிள்ளைகளையும் எழுந்திருக்கச் சொல்லவா முடியும்? டீச்சர் போனை வைத்துவிட்டு அப்படியே நாற்காலியில் சாய்ந்தார். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்ட ஆத்திரம். குழுவே அந்த அத்தியாயத்தை எழுதியிருந்தால் ஒருவரும் அழுதிருக்க மாட்டார்கள். இருபது வருஷம் பழகின கை, கேலிக்கு எழுதினாலும் ஆளை அழவைக்கிறது. அப்புறம்தான் அவருக்குச் சுருக்கென்றது. ஒரு மாறுதலாக இருக்கட்டும் என்று தங்கை தன் மகளைக் கெஞ்சிக் கூத்தாடி அந்த முகாமுக்குத்தான் அனுப்பியிருந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பெண் முகாமிலிருந்து பையோடு நேராக வந்தாள். புத்தகம் கையில் இருந்தது. அதைக் கொடுத்துவிடு, உனக்கு எழுதின நிஜக் கதை பத்திரமாக உள்ளே இருக்கிறது, எடுத்துத் தருகிறேன் என்று டீச்சர் படபடத்தார். பெண் அவசரப்படவில்லை. மின்விசிறி இறக்கைகளைத் தள்ளிவைத்துவிட்டு மேஜை முன்னால் உட்கார்ந்தாள். கடைசி அத்தியாயம் வரைக்கும் ஒரே மூச்சில் படித்ததாகச் சொன்னாள். அதுவரைக்கும் கதையில் வரும் பெண் அச்சு அசல் தன்னைப் போலவே இருந்தாள் என்றாள்.

டீச்சர் வாயெடுத்தார். அது கிண்டலுக்கு எழுதியது என்று செயலாளரிடம் சொல்லியாயிற்று, இவளுக்கும் சொல்லிவிட வேண்டியதுதான். ஆனால் உன் அப்பாவின் சாவு வீட்டில் கேட்டதை வைத்துத்தான் கிண்டல் பண்ணினேன் என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

பெண் புத்தகத்தை மூடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"அப்பா போனப்போ எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க" என்றாள். "அன்னைக்கு நீங்க ஒருத்தர்தான் பெரியம்மா சொல்லல."