காற்று வரும் அறை

கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கங்கள் ஒழுங்காக மூடப்பட்டிருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் அவள் உத்தியோகம். அதனால் அலுவலகத்தில் அவளுக்கு ‘மூடி மேடம்’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியும். ஜீப் ஓட்டுநர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தபடியே வைத்துவிட்டால், “மூடுங்கண்ணே, நான் வேற எதுக்கு இருக்கேன்” என்று அவளே சிரிப்பாள்.

சட்டம் கேட்பது சிக்கலான விஷயமல்ல. கரி எடுத்து முடித்தவர்கள் சுரங்க வாயை உறுதியான சுவர் கட்டி அடைக்க வேண்டும். உள்ளே தேங்கும் வாயு பத்திரமாக வெளியேற உயரமான குழாய் வைக்க வேண்டும். தண்ணீர் வடிய வழி செய்து, சுற்றிலும் வேலி போட்டு, எச்சரிக்கைப் பலகை நட வேண்டும். அதன்பிறகும் தரை இறங்குகிறதா, வாயு கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இத்தனையும் செய்த சுரங்கத்தை அவள் தன் பணிக்காலத்தில் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறாள். முள்செடிகளை ஒதுக்கிக்கொண்டு போய், இடிந்த வேலியைப் படமெடுத்து, மறுபடி மறுபடி நோட்டீஸ் அனுப்பிக்கொண்டிருப்பாள்.

வீட்டில் அவளுக்கு ‘சின்னது’ என்று பெயர். வைத்தது அக்காவின் கணவர். பெற்றோர் அடுத்தடுத்துப் போய்விட, அக்கா கல்யாணமாகி வந்தபோது தங்கையையும் கையில் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். மாமா ஒரு வார்த்தை முகம் சுளிக்கவில்லை. சுரங்கத்தில் வேலை செய்தவர் அவர். அக்கா காய்ச்சலில் படுத்தால், ஷிப்ட் முடிந்து வந்த கையோடு சின்னதுக்குத் தலைவாரிப் பின்னிவிடுவார். பின்னல் கோணல்மாணலாக இருக்கும். நகக்கண்ணில் ஒட்டிய கரி போகாமல் அவள் ரிப்பனில் அப்பிக்கொள்ளும். பள்ளியில் பிள்ளைகள் கேலி செய்தால், “எங்க மாமா பின்னினது” என்று பெருமையாகத் திருப்பிக் காட்டுவாள்.

அப்படிப்பட்ட மாமா, அவள் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. சாப்பிட்டியா, தூங்கினியா, அவ்வளவுதான். அவர் வேலை செய்த சுரங்கம் நஷ்டக் கணக்குக் காட்டி மூடப்பட்டது. நிர்வாகம் லாரிகளில் மண்ணைக் கொண்டுவந்து வாயில் கொட்டிவிட்டுப் போய்விட்டது. சுவரும் இல்லை, குழாயும் இல்லை. அந்த மண்மேட்டுக்கு இந்தப் பக்கம் மாமாவின் வீடு. அதன்பிறகு வீட்டின் பின்புறம் மேட்டை ஒட்டி அவரே ஓர் அறை கட்டிக்கொண்டார். தரையில் ஒரு விரிசல் விழுந்தது. அதிலிருந்து ஜில்லென்று காற்று வந்தது. “கரண்ட் பில் கட்டாத ஏசி” என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். பகல் தூக்கம் அங்கேதான்.

பழைய சுரங்கங்களை ஒட்டிய வீடுகள் அனைத்திலும் காற்றைப் பரிசோதிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பட்டியலில் அக்கா வீடும் இருந்தது.

“நீங்க போக வேணாம்மா. வேற ஆளை அனுப்புறேன்” என்றார் மேலதிகாரி.

“வேற யாராவது போனா எங்க மாமா வாசல்லயே நிக்க வச்சிருவாரு சார். நானே போறேன்.”

அவள் போனது மழை பெய்யாமல் இறுக்கிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம். அக்கா நெற்றியில் ஈரத்துணி கட்டியிருந்தாள்.

“மழை வர்றதுக்கு முன்னாடி இப்படித்தான் தலை கனக்குது, சின்னது. அந்த ரூமைக் கூட்டிட்டு வந்தேனா, அதோட கிர்ருன்னு ஆயிருச்சு.”

“வேற ஏதாவது?”

“ஒண்ணுமில்ல. கரண்ட் போனா அங்க ஒரு மெழுகுவத்தி நிக்க மாட்டேங்குது. மூலையில வச்சா உடனே அணைஞ்சிருது. காத்து அப்படி.”

சின்னது உடனே பின்னறைக்கு நடந்தாள். காற்றழுத்தம் குறையும்போது மூடிய சுரங்கம் தன் உள்ளிருக்கும் காற்றை வெளியே தள்ளும். பிராணவாயு குறைந்துபோன காற்று அது. வாசனை இருக்காது, நிறம் இருக்காது. குளுமையாக மட்டும் இருக்கும்.

பின்னறையில் மாமா பாயில் சாய்ந்திருந்தார். அவள் பையிலிருந்து காற்றை அளக்கும் கருவியை எடுத்து விரிசல் அருகே பிடித்தாள். அது வீறிட்டது.

“என்னைப் பார்த்தாலே உன் மெஷினுக்கு ஆகலை போல” என்றார் மாமா, எழுந்திருக்காமல்.

“மாமா, வெளிய வாங்க. இந்த ரூம்ல ஆளு இருக்கக் கூடாது. சுரங்கத்தைச் சரியா மூடுற வரைக்கும் வீட்டையே காலி பண்ணணும். சட்டம் அப்படித்தான் சொல்லுது.”

“சட்டம் அன்னைக்கு எங்க போச்சு? மண்ணைக் கொட்டிட்டு ஓடினாங்களே, அப்ப?” குரல் ஏறவில்லை. “நான் வெட்டின சுரங்கம் இது, சின்னது. என்னை ஒண்ணும் பண்ணாது.”

“வத்தி அணைஞ்சா என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா மாமா?”

அவருக்குத் தெரியும். உள்ளே விளக்கு மங்கினால் ஓடி வரவேண்டும் என்று படித்த முதல் பாடமே அதுதான். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அவள் போலீஸைக் கூப்பிட்டிருக்கலாம். அதிகாரம் இருந்தது. அவள் கதவையும் ஜன்னலையும் அகலத் திறந்துவைத்தாள். மூலையில் சுருட்டியிருந்த இன்னொரு பாயை எடுத்து அவர் பக்கத்திலேயே விரித்தாள். அலறிக்கொண்டிருந்த கருவியைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள்.

“என்ன பண்ற?”

“நீங்க படுக்கலாம்னா நானும் படுக்கலாம்.”

“விளையாடாத, எந்திரி.”

“நீங்க எந்திரிங்க.”

கருவி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. மாமா எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். நரைத்த முன்முடி, வெயிலில் கறுத்த கன்னம், பிடிவாதமாக மூடிய கண். சட்டென்று அவள் கையைப் பற்றி இழுத்தார்.

“எந்திரிம்மா. சொல்றேன்ல. போலாம் வா.” குரல் உடைந்திருந்தது. “உங்க அக்காவை வேற இதுக்குள்ள கூட்ட விட்டிருக்கேன் பாரு.”

அன்றே மூவரும் மாடியில் இருந்த அவளுடைய சின்ன வீட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமாவுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. மேல்வீட்டுக்காரர் நாற்காலியை இழுத்தால், “கூரை இறங்குது” என்று சுரங்கத்துக்குள் இருப்பவர்போல முணுமுணுப்பார். அக்காவின் தலைவலி இரண்டே நாளில் பறந்துவிட்டது. தெம்பாக நடமாடும் மனைவியை மாமா அடிக்கடி ஓரக்கண்ணால் பார்ப்பார்.

சுரங்கத்தை நடத்திய நிர்வாகத்தைத் தேடிப் பிடித்து, விசாரணைக்கு இழுத்து, வேலையைத் தொடங்கவைக்கச் சின்னது நாயாக அலைந்தாள். கடைசியில் இயந்திரங்கள் வந்தன. கொட்டிய மண்ணை அள்ளி, பாறை தெரியும்வரை சுத்தம் செய்து, கம்பி கட்டிக் கான்கிரீட் போட்டார்கள். மாமா தினமும் பஸ் ஏறிப் போய், தடுப்புக்கு வெளியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதலில் ஒருவரோடும் பேசவில்லை. பிறகு கொத்தனாரோடு சேர்ந்து டீ குடிக்க ஆரம்பித்தார்.

வாயு போகும் குழாயை நிறுத்திய அன்று சின்னதும் அங்கே இருந்தாள். பக்கத்தில் வந்து நின்ற மாமா வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார்.

“நீ இந்த வேலைக்குப் போனப்ப எனக்குக் கோவம்தான்” என்றார். “நான் தொறந்ததை மூடுறதுக்குன்னே வளர்த்தேனான்னு தோணுச்சு.”

“தெரியும் மாமா.”

“மூடுறதுன்னா மண்ணைக் கொட்டிட்டுப் போறதுன்னுதான் நான் பார்த்திருக்கேன். செத்தவங்களை அப்படியே போட்டுட்டுப் போற மாதிரி. இது அப்படி இல்ல.” குழாயைக் கையால் காட்டினார். “இது மரியாதையா இருக்கு.”

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

வீட்டின் பின்னறைத் தரையைப் பெயர்த்து, வாயு ஏறாத தடித்த விரிப்புப் போட்டு, புதிதாகப் பூசினார்கள். ஆனாலும் ஒரு நல்ல மழை வந்து போகும்வரை அவள் சாவியைக் கொடுக்கவில்லை. மழைக்கு முந்தைய புழுக்கத்தில்தான் சுரங்கத்தின் குணம் தெரியும். மழை வந்தது. ஒவ்வொரு மூலையிலும் கருவியைப் பிடித்துப் பார்த்தாள். அது வாயே திறக்கவில்லை.

அவர்கள் திரும்பிப்போன நாளில் அக்கா பின்னறைக்குள் நுழைந்து, “அனலா இருக்கே, ஒரு ஃபேன் வாங்கணும்” என்றாள். “வாங்கிட்டாப் போச்சு” என்றார் மாமா.

சாயங்காலம் சின்னதை பஸ் ஏற்றிவிட அவரும் கூட நடந்தார். வழக்கமாக ஊமையாக வருகிறவர்.

“அடுத்து எந்தச் சுரங்கத்துக்குப் போற?”

அவள் ஒரு கணம் நின்றுவிட்டாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய சுரங்கம், தண்ணீர் நிறைந்து கிடக்கிறது, வேலியைப் பிடுங்கிவிட்டு மாடு மேய்க்கிறார்கள். “செங்குத்தா இறங்குதா, சரிவா போகுதா?” என்று கேட்டார் மாமா. அவள் கையை ஆட்டி ஆட்டி விளக்கினாள். நிறுத்தத்துக்கு வந்த பஸ்ஸை இருவரும் போகவிட்டார்கள்.